விளையாட்டுக்கும் ஒரு கேஸ் ஷீட்

"நோயாளி தோட்ட வேலைக் குழுவில் 45 நிமிடம் கலந்துகொண்டார். மகிழ்ச்சியாகக் காணப்பட்டார்."

அமெரிக்காவில் ஒரு மறுவாழ்வு மருத்துவமனையின் கேஸ் ஷீட்டில் இப்படி ஒரு குறிப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். எழுதியதில் பொய்யில்லை. ஆனால் பில்லைச் சரிபார்க்கும் இன்ஷூரன்ஸ் அலுவலருக்கு இதிலிருந்து என்ன புரியும்? ஐயாவுக்குப் பொழுது நன்றாகப் போயிருக்கிறது, சந்தோஷம். அதற்கு நாங்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

அதே ஆள், அதே 45 நிமிடம், வேறொரு குறிப்பு: "பக்கவாதம், இடது கை பலவீனம். உயர மேஜையில் நாற்று நடும்போது பிடிமானம் இல்லாமல் 12 நிமிடம் நின்றார். போன வாரம் 5 நிமிடம். இடது கையைப் பயன்படுத்தும்படி 2 முறை நினைவூட்டினோம். போன வாரம் 7 முறை. வீட்டுத் தோட்டத்தை மறுபடி தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் சொன்ன இலக்கு." இந்தக் குறிப்பைப் பார்த்துவிட்டு அதே கேள்வியைக் கேட்பது அவ்வளவு சுலபமில்லை.

இரண்டு குறிப்புக்கும் இடையில் இருக்கும் தூரம்தான் ரெக்ரியேஷனல் தெரபி என்ற தொழிலின் நெடுநாள் தலைவலி. பிசியோதெரபிஸ்ட் காலை மடக்கி நீட்டினால் பார்க்கிறவருக்கே அது சிகிச்சை என்று தெரியும். இவர்களோ சீட்டாட வைக்கிறார்கள், நீச்சல் குளத்தில் இறக்குகிறார்கள், சக்கர நாற்காலியில் கூடைப்பந்து ஆட வைக்கிறார்கள். நோயாளி ஆட்டத்தில் மூழ்கி, வலியையும் பயத்தையும் மறந்து கையை நீட்டிவிட்டால் சிகிச்சை பலித்துவிட்டது. வாசலில் நின்று எட்டிப் பார்ப்பவருக்கு அது வெறும் அரட்டைக் கச்சேரி. வேலை நன்றாக நடக்க நடக்க, அது வேலை மாதிரியே தெரியாமல் போகிறது. கண்ணுக்குத் தெரியாததை எழுத்தில்தான் காட்ட வேண்டும்.

இதற்குப் பொருத்தமான முன்னோடி ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல். கிரிமியப் போரின் சாவுக் கணக்கை 1858இல் வண்ண வரைபடமாக்கி அரசாங்கத்தின் முன் வைத்தவர் அவர். அடுத்த ஆண்டு வெளிவந்த, நோயாளிப் பராமரிப்பு பற்றிய தன் நூலில், மாதக்கணக்கில் ஒரே சுவரைப் பார்த்துக் கிடக்கும் நோயாளிக்கு நிறமும் பூக்களும் மாறுதலும் உடம்புக்கே மருந்து என்று வாதாடியவரும் அவரே. ஒரே மனுஷியிடம் இரண்டும் இருந்தன. பிறகு வந்தவர்களில் பலர் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்பது என் எண்ணம்.

அமெரிக்காவில் இத்துறையின் வேர்களில் ஒன்று சிகாகோவின் ஹல் ஹவுஸ் என்ற சமூக சேவை மையம். நீவா பாய்ட் அங்கே விளையாட்டுத் தலைவர்களுக்கான பயிற்சிப் பள்ளியை நடத்தினார். உலகப் போர்களின்போது ராணுவ மருத்துவமனைகளில் செஞ்சிலுவைச் சங்கத்தினர் காயம்பட்ட வீரர்களை விளையாட வைத்தார்கள். 1981இல் தேசியச் சான்றிதழ் அமைப்பு, 1984இல் தொழில்முறைச் சங்கம், பட்டப்படிப்பு, தேர்வு, யூட்டா போன்ற சில மாநிலங்களில் உரிமச் சட்டம் என்று ஒரு தொழிலுக்கு வேண்டிய சட்டதிட்டங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

ஆனாலும் பணம் பட்டுவாடா ஆகும் இடத்தில் கதை வேறு. மறுவாழ்வு மருத்துவமனையில் சேரும் முதியவருக்கு அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் பணம் கொடுக்க வேண்டுமானால், அவர் பொதுவாக நாளுக்கு 3 மணி நேரம், வாரத்தில் 5 நாள் தீவிரச் சிகிச்சை பெற வேண்டும். எந்தெந்தச் சிகிச்சையை அந்த 3 மணி நேரத்தில் சேர்க்கலாம் என்பதில்தான் வம்பு. 1985ஆம் ஆண்டு விதியில் டாக்டரும் குழுவும் தேவை என்று கருதும் மற்றச் சிகிச்சைகளுக்கும் கொஞ்சம் இடமிருந்தது. 2010 ஜனவரி 1இல் அமலுக்கு வந்த விதி நான்கை மட்டும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது: பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, பேச்சுப் பயிற்சி, செயற்கை உறுப்பும் தாங்கிகளும் சார்ந்த சிகிச்சை. ரெக்ரியேஷனல் தெரபி தரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தரலாம், ஆனால் கணக்கில் ஏறாது. கணக்கில் ஏறாத வேலைக்கு நிர்வாகம் எத்தனை ஆட்களை வைத்துக்கொள்ளும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. அதைக் கணக்கில் சேர்க்கக் கோரும் மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு முறைக்கு மேல் கொண்டுவரப்பட்டிருக்கிறது.

ஒழுங்காக எழுதினால் மட்டும் இந்த விதி மாறிவிடும் என்று நான் நம்பவில்லை. விதிகள் அரசியலால் மாறுபவை. ஆனால் கையில் பதிவு இல்லாமல் விதியை மாற்றுபவர்களின் வாசலுக்குப் போகிறவரை யாரும் உட்காரச் சொல்லக்கூட மாட்டார்கள்.

எப்படி எழுதுவது என்பதற்கு டாக்டர் லாரன்ஸ் வீட் வழி காட்டினார். நோயாளியின் பிரச்சினைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் தொடர்ந்து போகும் பதிவு முறையை அவர் 1968இல் முன்வைத்தார். நோயாளி சொன்னது, நாம் கண்டது, அதன் பொருள், அடுத்து செய்யப்போவது என்ற நான்கு அடுக்குக் குறிப்பு அதிலிருந்து பிறந்தது. ரெக்ரியேஷனல் தெரபிக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. 'கண்டது' என்ற அடுக்கில் 'மகிழ்ச்சியாக இருந்தார்' என்று எழுத முடியாது; சிரித்தாரா, யாரிடம் தானாகப் பேச்சுக் கொடுத்தார், எத்தனை முறை என்றுதான் எழுத வேண்டும்.

குழுவாக நடத்துவதில்தான் பலர் வழுக்குகிறார்கள். எட்டு பேர் பௌலிங் ஆடினால் எட்டு பேருக்கும் ஒரே வாக்கியத்தை ஒட்டிவிட்டுப் போகிற சபலம் வரும். கம்ப்யூட்டர் பதிவு வந்தபின் அது இன்னும் சுலபமாகிவிட்டது. உண்மையில் ஒருவருக்கு அங்கே இலக்கு சமநிலை, இன்னொருவருக்குத் தன் முறை வரும்வரை பொறுத்திருப்பது, மூன்றாமவருக்கு அறையை விட்டு வெளியே வந்ததே பெரிய விஷயம். வர மறுத்தவரைப் பற்றியும் எழுத வேண்டும்: என்ன சொல்லி மறுத்தார், மாற்றாக எதைக் கொடுத்தோம். வருகைப் பதிவேடு இதையெல்லாம் விழுங்கிவிடும்.

எண்களுக்கும் ஓர் எல்லை உண்டு. மறுவாழ்வு மருத்துவமனைகளில் 2019 வரை கோலோச்சிய ஃபிம் அளவுகோலில் 18 அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். சாப்பிடுவது, குளிப்பது, மாடிப்படி ஏறுவது, ஞாபகசக்தி, மற்றவரோடு பழகுவது எல்லாம் அதில் உண்டு. குளித்துச் சாப்பிட்டபின் மிச்சமிருக்கும் நாள் முழுவதும் மனிதர் என்ன செய்வார் என்பதற்கு மட்டும் கட்டம் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட செயல்திறன் வகைப்பாட்டில் பொழுதுபோக்குக்கென்றே தனிக் குறியீடு உண்டு: டி920. நடக்க முடிகிறதா என்பதோடு நிற்காமல் வாழ்க்கையில் கலந்துகொள்கிறாரா என்றும் கேட்கும் வகைப்பாடு அது. மருத்துவமனையின் பில் பிரிவுக்கு அந்த மொழி இன்னும் அவ்வளவாகப் பழகவில்லை.

முதியோர் பராமரிப்பு இல்லங்களில் நிலைமை வேடிக்கையானது. 2010இல் வந்த மதிப்பீட்டுப் படிவத்தில் ரெக்ரியேஷனல் தெரபி எத்தனை நிமிடம், எத்தனை நாள் என்று நிரப்பக் கட்டம் இருந்தது. ஆனால் அன்றைய கட்டண முறையில் பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, பேச்சுப் பயிற்சி ஆகிய மூன்றின் நிமிடங்களுக்குத்தான் மதிப்பு. இந்தக் கட்டத்தை நிரப்பினாலும் ஒன்றுதான், காலியாக விட்டாலும் ஒன்றுதான்.

அதே படிவத்தில் அதிகம் பேசப்படாத இன்னொரு பக்கம் உண்டு. அங்கே இல்லவாசியிடமே கேட்கிறார்கள்: படிக்க ஏதாவது இருப்பது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? பிடித்த பாட்டு? வளர்ப்புப் பிராணிகள்? வானிலை நன்றாக இருக்கும்போது வெளியே போய்க் காற்று வாங்குவது? மிக முக்கியம் என்றால் 1, கொஞ்சமும் முக்கியமில்லை என்றால் 4. 5 என்ற விடைக்குப் பொருள் இது: "முக்கியம்தான், ஆனால் என்னால் முடியாது, அல்லது எனக்கு அந்த வாய்ப்பில்லை."

என்னைக் கேட்டால் துறைத் தலைவர்கள் முதலில் எண்ண வேண்டியது அந்த ஐந்துகளைத்தான். சேரும்போது எத்தனை பேர் எந்தக் கேள்விக்கு 5 என்றார்கள், அடுத்த ஆண்டு மதிப்பீட்டில் அவர்களில் எத்தனை பேர் 1க்கோ 2க்கோ மாறினார்கள் என்று ஒரு தாளில் எழுதி நிர்வாகியின் மேஜையில் வைக்கலாம். புதிதாக மென்பொருள் வாங்க வேண்டாம்; அரசாங்கமே கட்டாயப்படுத்திக் கேட்கும் தகவல், ஏற்கெனவே கம்ப்யூட்டரில் கிடக்கிறது. அதைச் சொன்னது தெரபிஸ்ட் இல்லை, இல்லவாசி.