அடுத்தவர் அளவுகோலும் கழுகுமலையும்

சாயர்புரம் வீட்டுத் திண்ணையில் ஞாயிறுதோறும் களிமண்ணில் உருவம் செய்து பழகுறேன். நடுநடுவே போனை எடுத்து அடுத்தவங்க செய்ததைப் பார்ப்பேன். அப்புறம் கை ஓடாது. மூணு உருவம் பாதியிலேயே காய்ஞ்சு கிடக்கு.

நம்ம மாவட்டத்திலேயே பாதியில் நிற்கும் கோயில் ஒன்று உண்டு, கழுகுமலை வெட்டுவான் கோயில். 8ஆம் நூற்றாண்டு, பாண்டியர் பணி. ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி இறங்கியது. அதனால்தான் சிகரம் முழுமையாக இருக்கிறது, அடிப்பகுதி முடியாமல் இருக்கிறது. ஏன் நின்றது? சிற்பியான அப்பா, ஊர் தன் மகனின் வேலையை மெச்சியது பொறுக்காமல் அவனைக் கொன்றுவிட்டார் என்று ஒரு வாய்வழிக் கதை. வரலாறு இல்லைதான். ஆனால் ஒப்பீடு எதைக் கொல்லும் என்பது கதை சொன்னவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நாமளும் சும்மா இல்லை, அதை 'தென்னகத்து எல்லோரா' என்கிறோம். எல்லோரா கைலாசநாதர் கோயிலும் மேலிருந்து செதுக்கியதே, ஆனால் பல மடங்கு பெரியது. அந்த அளவுகோலில் கழுகுமலை என்றைக்கும் சின்னதுதான். அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு விமானத்தைப் பாருங்கள். தட்சிணாமூர்த்தி அங்கே மிருதங்கம் வாசிக்கிறார்! மௌன குருவாகவே பார்த்துப் பழகிய நமக்கு அது புதுசு.

போன ஞாயிறு போனை உள்ளேயே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஒரு காது முடிந்தது.