துவரம்பருப்பு அளவில் ஒரு சிங்கம்

மாரிக்குப்பத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பாட்டியின் சுருக்குப்பையில் துவரம்பருப்பு போல ஒரு பொன்காசு இருந்ததாம். உருக்கினால் கால் கிராமுக்குக் கொஞ்சம் மேலே தேறும் என்றாராம் நகைக்கடைக்காரர். கொடுத்துவிடலாமா என்று கேட்கிறார்.

அம்மா, கொடுத்துவிடாதீர்கள். ஒரு பக்கம் நரசிம்மர் உட்கார்ந்திருந்து, மறுபக்கம் மூன்று வரியில் ‘ஸ்ரீ கண்டீரவ’ என்றிருந்தால் அது கண்டீராயி பணம். மைசூரை 1638 முதல் 1659 வரை ஆண்ட கண்டீரவ நரசராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அக்கசாலை வைத்து அடித்த வகை. கண்டீரவம் என்றால் சிங்கம். இன்று சம்பளத்துக்கும் கடனுக்கும் நாம் சொல்லும் ‘பணம்’ அன்று இந்தக் குட்டிக் காசின் பெயர்.

அதே காலத்தில், 1637-இல், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் சார்லஸ் மன்னரின் வெள்ளிக்காசுகளை நாணயக் கலைஞர் நிக்கோலா பிரியோ இயந்திரத்தில் அடித்தார், வட்டம் பிசகாது. இங்கே சுத்தியல்தான். அதனால் உங்கள் நரசிம்மர் ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தால் போலி என்று பயப்பட வேண்டாம்.

என்னை வியக்க வைப்பது வேறொன்று. பத்துப் பணம் சேர்ந்தால் ஒரு கண்டீராயி வராகன். ஆனால் அந்த வராகனை யாரும் அடிக்கவில்லை. கணக்கேட்டில் மட்டுமே இருந்தது. திப்பு வீழ்ந்த 1799-இல் மைசூரைப் பங்கு போட்டபோது ஒப்பந்தத்தில் ஒவ்வொரு பகுதியின் வருவாயையும் இந்த வராகனில்தான் எழுதினார்கள். இல்லாத ஒரு காசில் ஒரு நாட்டைப் பிரித்திருக்கிறார்கள்! கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் முப்பது ஆண்டு பாறை உடைத்த என் அப்பா, ஒரு தங்கக் கட்டியைக் கையில் வாங்கிப் பார்த்ததில்லை. எத்தனை கிலோ எடுத்தார்கள் என்ற கணக்கு மட்டும் அவருக்கு மனப்பாடம். அதனாலோ என்னவோ, அந்த வராகன் எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

கண்டீரவ அரசர் இறந்து ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து மைசூர் திவான் பூர்ணய்யாவும் அதே பெயரில், கொஞ்சம் அகலமாக, பணம் அடித்தார். சனங்கள் அந்தப் பெயரை நம்பினார்கள். அப்படிப்பட்ட காசுகளை நாம் மூக்குத்திக்கும் தோட்டுக்கும் உருக்கிக்கொண்டிருக்கிறோம். 2001 பிப்ரவரி 28-இல் தங்கச் சுரங்கத்தை மூடியபோது கண் கலங்கிய ஊர் நம்முடையது. நாமே இதைச் செய்யலாமா?

மண்ணில் கிடைத்த காசென்றால், புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். உங்களுடையது பாட்டி சொத்து. இரண்டு பக்கமும் படம் எடுத்து, எடையைக் குறித்து, தாளில் மடித்து வையுங்கள். பூந்திக்கொட்டை போட்டுத் தேய்க்காதீர்கள்.