முரளியின் முழங்கையும் புகழரங்கின் வாசலும்

சர்வதேச கிரிக்கெட் பேரவையின் புகழரங்கில் இடம்பெற்ற முதல் இலங்கையர் முத்தையா முரளிதரன். 2016ஆம் ஆண்டுக்கான பட்டியலில் ஆர்தர் மொரிஸ், ஜோர்ஜ் லோமன், கரன் ரோல்டன் ஆகியோருடன் அவரது பெயரும் அறிவிக்கப்பட்டது. 133 டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகளையும், 350 ஒருநாள் போட்டிகளில் 534 விக்கெட்டுகளையும் எடுத்த ஒருவருக்கு இந்தக் கௌரவம் கிடைத்ததில் வியக்க ஒன்றுமில்லை. ஆனாலும் அவர் அதற்குத் தகுதியானவர்தானா என்ற கேள்வி அவர் ஆடிய காலத்திலும் ஓயவில்லை, ஓய்வுபெற்ற பிறகும் ஓயவில்லை. ஊவாவின் பதுளை, பசறை, லுணுகலை, அப்புத்தளை தோட்டங்களில் அந்தக் கேள்வியைக் கேட்பவர்களுக்கு அது ஒரு விளையாட்டு வீரரைப் பற்றிய வாதம் மட்டுமல்ல.

ஓய்வுபெற்ற வீரர்களை நிரந்தரமாகக் கௌரவிக்கும் வழக்கத்தை வேரூன்றச் செய்த விளையாட்டு அமெரிக்காவின் பேஸ்போல். முதல் தெரிவு 1936இல் நடந்தது. நியூயோர்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் அரங்கம் 1939இல் திறக்கப்பட்டது. வீரர் ஓய்வுபெற்று ஐந்து ஆண்டுகள் கழிய வேண்டும். பேஸ்போல் எழுத்தாளர் சங்கத்தில் பத்தாண்டு உறுப்பினராக இருந்த பத்திரிகையாளர்கள் வாக்களிப்பார்கள். நூற்றுக்கு 75 வாக்குகள் கிடைத்தால்தான் உள்ளே இடம். ஆட்டத்திறனுடன் நேர்மையையும் நடத்தையையும் எடைபோட வேண்டும் என்று விதியே சொல்கிறது. 762 ஹோம் ரன் அடித்து அமெரிக்கப் பெரிய லீக்குகளில் சாதனை படைத்த பரி பொண்ட்ஸ் ஊக்கமருந்துக் குற்றச்சாட்டின் நிழலில் பத்து முறை வாக்கெடுப்பைச் சந்தித்தார். கடைசி வாய்ப்பான 2022இல் அவருக்குக் கிடைத்தது 66 வீதம். 4,256 வெற்றி அடிகளைக் குவித்த பீட் ரோஸ், சூதாட்டத்துக்காக 1989இல் தடைசெய்யப்பட்டார். அந்தத் தடை நீங்கியது 2025இல். அவரோ 2024இலேயே இறந்துவிட்டார். எண்கள் எவ்வளவு பெரியவையாக இருந்தாலும் அவை வந்த வழியையும் பார்ப்போம் என்பதே கூப்பர்ஸ்டவுனின் நிலை.

கிரிக்கெட்டின் புகழரங்கு மிக இளையது. 2009 ஜனவரியில், சர்வதேச வீரர்கள் சங்கங்களின் கூட்டமைப்பு முன்பே தெரிவுசெய்து வைத்திருந்த 55 பேருடன் அது தொடங்கியது. இங்கேயும் ஓய்வுக்குப் பின் ஐந்தாண்டு இடைவெளி வேண்டும். துடுப்பாட்ட வீரருக்கும் பந்துவீச்சாளருக்கும் ஓட்டங்கள், சதங்கள், விக்கெட்டுகள் என அளவுகோல்கள் உண்டு. எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் முரளி வாசலில் நிற்கவே தேவையில்லை. டெஸ்ட் வரலாற்றில் அவருக்கு அடுத்த நிலையிலுள்ள ஷேன் வோர்ன் எடுத்தவை 708, ஜேம்ஸ் அன்டர்சன் எடுத்தவை 704. ஒரே இன்னிங்ஸில் ஐந்து விக்கெட்டுகளுக்குக் குறையாமல் 67 முறையும், ஒரே போட்டியில் பத்து விக்கெட்டுகளுக்குக் குறையாமல் 22 முறையும் எடுத்தவர் அவர். சராசரி 22.72. 2010 ஜூலை 22 அன்று காலியில், தன் கடைசி டெஸ்ட்டில், பிரக்யான் ஓஜாவை ஆட்டமிழக்கச் செய்து 800ஐத் தொட்டார்.

எதிர்வாதம் எண்களிலிருந்தே தொடங்குகிறது. 800இல் 176 விக்கெட்டுகள் பங்களாதேஷுக்கும் சிம்பாப்வேக்கும் எதிராக வந்தவை. வோர்ன் அந்த இரு அணிகளிடம் எடுத்தவை 17 மட்டுமே. முரளியின் 493 விக்கெட்டுகள் இலங்கை மண்ணில், சுழலுக்கு ஒத்துழைக்கும் ஆடுகளங்களில் எடுக்கப்பட்டவை. அவுஸ்திரேலிய மண்ணில் ஐந்து டெஸ்ட்களில் அவருக்குக் கிடைத்தவை 12 விக்கெட்டுகள், சராசரி 75ஐத் தாண்டியது. இந்தியாவிலும் அவர் சோபிக்கவில்லை. இவை மறுக்க முடியாத உண்மைகள். அவரை நேசிப்பவர்கள் இவற்றை மறைக்கத் தேவையுமில்லை, ஏனெனில் மறுபக்கமும் அதே அளவு கனமானது. அந்த 176ஐ முற்றாகக் கழித்தாலும் எஞ்சுபவை 108 டெஸ்ட்களில் 624 விக்கெட்டுகள். இங்கிலாந்தில், சுழலுக்கு உதவாத ஆடுகளங்களில், ஆறு டெஸ்ட்களில் 48 விக்கெட்டுகளை 20க்கும் குறைந்த சராசரியில் எடுத்தார். 1998இல் ஓவல் மைதானத்தில் அவர் தனியொருவராக 16 விக்கெட்டுகளை வீழ்த்திய பிறகுதான் இங்கிலாந்து மண்ணில் இலங்கைக்கு முதல் டெஸ்ட் வெற்றி கிட்டியது. சொந்த மண்ணில் அதிகம் எடுத்தார் என்பதோடு கதை முடிவதில்லை. வோர்னின் அவுஸ்திரேலிய அணியில் வேகப்பந்து வீச மெக்ரா இருந்தார், கிலெஸ்பி இருந்தார், விக்கெட்டுகள் பங்கிடப்பட்டன. முரளிக்கு நீண்ட காலம் உறுதுணையாக இருந்தவர் சமிந்த வாஸ் ஒருவரே.

ஆயினும் வாதத்தின் உண்மையான மையம் முழங்கைதான். 1995 டிசம்பர் 26 அன்று மெல்பேர்னில், பெருங்கூட்டத்தின் முன்னால், நடுவர் டரல் ஹெயர் மூன்று ஓவர்களில் ஏழு முறை ‘நோ போல்’ என்று கை நீட்டினார். பந்தை வீசவில்லை, எறிகிறார் என்பது குற்றச்சாட்டு. பத்து நாட்களில் பிரிஸ்பேனில் ரொஸ் எமர்சன் அதையே செய்தார். 1999 ஜனவரியில் அடிலெய்டில் எமர்சன் மீண்டும் கை நீட்டியபோது அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க வீரர்களை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்று நின்றார். ஆட்டத்தைத் தொடர்வதா என்பதே கேள்விக்குறியாயிற்று. முன்னாள் வீரர்களில் மிகக் கடுமையாகப் பேசியவர் இந்தியாவின் பிஷன் சிங் பேடி. 2009இல் புகழரங்கில் இடம்பெற்ற அவர் முரளியின் பந்துவீச்சை இறுதிவரை ஏற்கவில்லை. 2004இல் அவுஸ்திரேலியப் பிரதமர் ஜோன் ஹோவர்ட் வெளிப்படையாகவே முரளி எறிகிறார் என்று சொன்னார். அந்த ஆண்டு அவுஸ்திரேலியச் சுற்றுப்பயணத்துக்கு முரளி போகவில்லை.

கிரிக்கெட் சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் இந்த வழக்கு விளங்கும். மடங்கிய கையுடன் பந்துவீசுவதைச் சட்டம் தடுக்கவில்லை. கை தோள் உயரத்தை எட்டியதிலிருந்து பந்து விரலை விட்டு விலகும் வரை முழங்கை நீளக் கூடாது என்பதே தடை. அதாவது மடக்கம் குற்றமல்ல, மடங்கியதை நிமிர்த்துவதே குற்றம். முரளியின் வலது கை பிறவியிலேயே முழுதாக நீளாதது. அந்தக் கையுடன், வழக்கத்துக்கு மாறாகச் சுழலும் தோளும், எந்தப் பக்கமும் திரும்பும் மணிக்கட்டும் சேரும்போது, முன்னால் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு எறிவதாகவே தோன்றும். 1996இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங் விஞ்ஞான தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் நடந்த சோதனைகள் இது கண்ணின் மயக்கம் என்ற முடிவுக்கே வந்தன.

2004இல் நிலைமை சிக்கலானது. வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பும் ‘தூஸ்ரா’ என்ற பந்தைப் பற்றிப் போட்டி மத்தியஸ்தர் கிறிஸ் புரோட் முறையிட்டார். பேர்த்தில் நடந்த சோதனையில் அந்தப் பந்தின்போது முழங்கை 14 பாகை நீள்வது தெரிந்தது. திருத்தத்துக்குப் பின் அது ஏறத்தாழ 10 பாகையாகக் குறைந்தது. ஆனால் சுழற்பந்து வீச்சாளர்களுக்கு அப்போது அனுமதிக்கப்பட்ட எல்லை 5 பாகை. அந்தப் பந்தை வீச வேண்டாம் என்று முரளிக்குச் சொல்லப்பட்டது. பின்னர் எல்லா வகைப் பந்துவீச்சாளர்களுக்கும் எல்லை 15 பாகையாக மாற்றப்பட்டு 2005 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முரளிக்காகச் சட்டத்தையே வளைத்தார்கள் என்ற பேச்சு பிறந்தது இங்கேதான்.

அந்த மாற்றத்தின் காரணத்தை விமர்சகர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. அங்கஸ் பிரேசர், மைக்கல் ஹோல்டிங், டிம் மே, அரவிந்த டி சில்வா போன்ற முன்னாள் வீரர்கள் அடங்கிய குழுவிடம் அதிவேகக் கமராக்களின் அளவீடுகள் வைக்கப்பட்டன. கையில் குறிகள் ஒட்டி முப்பரிமாணத்தில் அளந்தபோது, குற்றமற்ற செயலுக்குப் பெயர்போன கிளென் மெக்ராவும் ஷோன் பொலொக்கும்கூட 10 பாகைக்கு மேல் முழங்கையை நீட்டுவது புலப்பட்டது. பழைய எல்லையை நேர்மையாக நடைமுறைப்படுத்தியிருந்தால் உலகின் பெரும்பாலான பந்துவீச்சாளர்கள் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஏறத்தாழ 15 பாகை வரையிலான அசைவு வெறும் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதும் அப்போதுதான் உறுதியானது. முரளியைக் கடுமையாக விமர்சித்துவந்த ஹோல்டிங், ஆதாரங்களைப் பார்த்த பின் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். இந்த எல்லை எல்லோரையும் உள்ளே விடும் திறந்த வாசலும் அல்ல. 2014இல் பாகிஸ்தானின் சயீத் அஜ்மல் அதை வெகுவாக மீறியது தெரிந்து இடைநிறுத்தப்பட்டார்.

பேஸ்போலின் பொண்ட்ஸுக்கும் முரளிக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது. பொண்ட்ஸ் விடயத்தில் சந்தேகம் மறைவில் நடந்ததைப் பற்றியது. முரளி எதையும் மறைக்கவில்லை. ஆய்வுகூடத்துக்குத் திரும்பத் திரும்பச் சென்றார். இரும்புச் சட்டமிட்ட கவசத்தைக் கையில் மாட்டிக்கொண்டு, கை நீளவே முடியாத நிலையில், தொலைக்காட்சிக் கமரா முன் தன் பந்துகளை எல்லாம் வீசிக் காட்டினார். கிரிக்கெட் வரலாற்றில் இத்தனை முறை அளக்கப்பட்ட உடல் வேறொன்று இருப்பது அரிது. அளந்து பார்த்துக் கிடைத்த விடையை ஏற்க மறுப்பவர்கள் சட்டத்தின் பக்கம் நிற்பதாகச் சொல்ல முடியாது. கிரிக்கெட் புகழரங்கில் அவர் இருப்பது நியாயமே.

மலையகத்தில் இந்த வாதம் இன்னொரு சுமையையும் தாங்குகிறது. முரளியின் பாட்டனார் பெரியசாமி சின்னசாமி 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் அந்தச் சமூகத்தின் பெரும்பகுதியை நாடற்றோராக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. ஊவாவின் லயங்களிலிருந்தும் குடும்பங்கள் பிரிந்து பதுளையில் ரயில் ஏறின. முரளி 1992 ஓகஸ்ட்டில் கெத்தாராமவில் முதல் டெஸ்ட் ஆடியபோது மலையகத் தமிழரில் ஒரு பகுதியினர் இன்னும் எந்த நாட்டுக்கும் உரியவராகவில்லை. 2003இன் பிரஜாவுரிமைச் சட்டம்தான் அதை முடித்துவைத்தது. அப்படிப்பட்ட சமூகத்தின் பேரன் ஒருவனைப் பார்த்து உலகம் ‘இவன் ஏமாற்றுக்காரன்’ என்று சொன்னபோது, தோட்டத்து மக்கள் அதை முழங்கை பற்றிய விமர்சனமாக மட்டும் கேட்கவில்லை.

அதே மலையகத்தில், அதே தமிழரிடையே, அவர் மீது மனத்தாங்கலும் உண்டு. போர் முடிந்தது பற்றியும் 2019 ஜனாதிபதித் தேர்தல் காலத்திலும் அவர் சொன்ன கருத்துகள் பலரைக் காயப்படுத்தின. அவரது வாழ்க்கையைச் சொல்லும் ‘800’ திரைப்படத்திலிருந்து 2020இல் விஜய் சேதுபதி விலகியது தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பால். படம் வேறு நடிகருடன் 2023இல் வெளிவந்தது. அந்தக் கருத்துகளை ஏற்பதும் மறுப்பதும் ஒவ்வொருவரின் உரிமை. ஆனால் காலியில் பந்து திரும்பிய கோணத்தை அவை மாற்றுவதில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது இரண்டுக்கும் அநீதி.

இதைவிட ஆழமான கேள்வி ஒன்று உண்டு: புகழரங்கு யாரை எடைபோடுகிறது? மைதானம்வரை வந்து சேர்ந்தவர்களை மட்டும்தான். முரளி லயத்திலிருந்து வந்தவர் அல்லர். தந்தை முத்தையா கண்டியில் பிஸ்கட் தொழில் நடத்தினார். மகன் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தார். வேகப்பந்து வீசிய சிறுவனை சுழற்பந்துக்கு மாற்றிய சுனில் பெர்னாண்டோ என்ற பயிற்றுநர் அங்கே இருந்தார். அந்தக் கல்லூரி வாசல் இல்லாமல் 800 இல்லை. மடுல்சீமையிலோ பூனாகலையிலோ உள்ள பிள்ளை பெரும்பாலும் தோட்டத்துத் திடலில் மென்பந்து கிரிக்கெட் ஆடியே வளர்கிறது. கடினப்பந்துக்கு வேண்டிய ஆடுகளமும் வலைப்பயிற்சியும் மட்டையும் காற்காப்பும் தோட்டப் பாடசாலைகளுக்கு எட்டாத செலவு. ஊவாவுக்குக் கிரிக்கெட் புதிதும் அல்ல. தியத்தலாவை முகாமில் அடைக்கப்பட்டிருந்த போயர் போர்க்கைதிகளின் அணி 1901இல் கொழும்பு சென்று கோல்ட்ஸ் கழகத்துடன் ஆடியிருக்கிறது. 2012இல் ஸ்ரீலங்கா பிரீமியர் லீக் கிண்ணத்தை வென்ற அணியின் பெயர் ‘ஊவா நெக்ஸ்ட்’. அத்தொடரின் போட்டிகள் கொழும்பிலும் பல்லேகலையிலும் நடந்தன, ஊவாவில் ஒன்றுமில்லை.

வாய்ப்பு மறுக்கப்பட்டவர்களை எண்களால் அளக்க முடியாது என்பதைப் பேஸ்போல் காலந்தாழ்ந்தேனும் ஒப்புக்கொண்டது. கறுப்பின வீரர்கள் பெரிய லீக்குகளிலிருந்து விலக்கப்பட்டுத் தனி லீக்குகளில் ஆடிய காலத்தை மீட்டெடுத்து, சாச்சல் பேஜை 1971இல் கூப்பர்ஸ்டவுன் வரவேற்றது. 2006இல் அந்த லீக்குகளுடன் தொடர்புடைய 17 பேர் ஒரே ஆண்டில் சேர்க்கப்பட்டனர். இலங்கையில் அத்தகைய நியாயத்துக்கு முதலில் உரியவர் துடுப்பாட்ட வீரர் மகாதேவன் சதாசிவம். 1947இல் சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் குவித்த அவர், இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடைக்கும் முன்பே, 1977இல் மறைந்தார். சர்வதேசப் புள்ளிவிபரங்களைக் கேட்கும் எந்த அளவுகோலும் அவரைக் கண்டுகொள்ளாது.

முரளிக்குப் பின் புகழரங்கில் இடம்பெற்ற இலங்கையர் மூவர்: 2021இல் குமார் சங்கக்காரவும் மஹேல ஜயவர்தனவும், 2023இல் அரவிந்த டி சில்வாவும். சங்கக்கார கண்டி திரித்துவக் கல்லூரியிலும், மஹேல கொழும்பு நாலந்தாவிலும், அரவிந்த டி.எஸ். சேனாநாயக்க கல்லூரியிலும் ஆடி வந்தவர்கள். நால்வரில் எவரும் ஊவாவின் பாடசாலையில் கற்றவர் அல்லர்.