திருவிழாக் கணக்கும் கிராம சபைக் கணக்கும்

கடலாடியில் பகுதி நேர நிருபராக இருப்பவன் இரண்டு வகைச் செய்திகளை வருஷம் முழுக்க அனுப்பிக்கொண்டிருப்பான். மாட்டு வண்டிப் பந்தயம், முளைப்பாரி, வடமாடு, கபடி என்று பருவத்துக்குப் பருவம் வருகிற ஊர்க் கொண்டாட்டம் ஒரு வகை. ஒன்றியக் கூட்டம், கிராம சபை, குடிநீர்க் குழாய், தெருவிளக்கு இன்னொரு வகை. முதலாவதற்குப் போனால் நிற்க இடம் கிடைக்காது. இரண்டாவதற்குப் போனால் உட்கார ஆள் இருக்காது. இரண்டுக்கும் மாறி மாறிப் போய்வருகிறவன் என்ற முறையில் எனக்கு ஒன்று உறுதியாகப் படுகிறது. கொண்டாட்டத்தை நடத்தும்போது இந்த ஊர் மக்கள் காட்டுகிற கணக்குச் சுத்தத்தில் பாதி கிராம சபைக்கு வந்தால் போதும், எங்கள் ஊராட்சிகள் நிமிர்ந்துவிடும்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கடலாடி, ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு தாலுகாவின் தலைமையிடம். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமும் இதுதான். ஒன்றியத்தில் 60 ஊராட்சிகள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் சாயல்குடி மட்டும் பேரூராட்சி. கடலோரமாகப் போனால் உப்பளத்துக்குப் பேர்போன வாலிநோக்கம், கோயிலால் பேர்பெற்ற மாரியூர், மீன்பிடித் துறைமுகம் உள்ள மூக்கையூர். உள்ளே வந்தால் பனையும் சீமைக் கருவேலமும் கண்மாயும் மானாவாரி நிலமும். மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை 827 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடும். மீதி மாதங்களில் தண்ணீர்தான் பேச்சு.

சித்திரையில் ஊர் நிறையும்

பிழைப்புக்காகச் சென்னை, கோவை, திருப்பூர் என்றும் வளைகுடா, சிங்கப்பூர் என்றும் போனவர்கள் ஊருக்குத் திரும்புகிற காலம் பங்குனியும் சித்திரையும். அப்போதுதான் மாரியூர் பூவேந்தியநாதர் கோயிலின் சித்திரைத் திருவிழா. திருவிளையாடற் புராணத்தில் வரும் வலைவீசிய கதையை அந்தக் கடற்கரையில் நடத்திக் காட்டுவார்கள். பரதவர் குலத்தில் பிறந்த அம்மையை மணக்க, இறைவன் மீனவராக வந்து, யாராலும் பிடிக்க முடியாத சுறாவை வலைவீசிப் பிடிக்கிறார், பிறகு திருக்கல்யாணம். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையும் இந்தச் சமயத்தில்தான். கடலுக்குப் போகாதவர்களும் வயலில் வேலை இல்லாதவர்களும் ஒரே மணலில் வந்து நிற்பார்கள்.

திருவிழாக்களை ஒட்டி மாட்டு வண்டிப் பந்தயம் வரும். கடலாடியிலிருந்து சாயல்குடிக்குப் போகும் சாலையிலும் முதுகுளத்தூர் சாலையிலும் விடிந்ததும் விடியாததுமாகக் கூட்டம் கூடிவிடும். பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று மாட்டின் தரத்துக்குத் தகுந்தாற்போல் பிரிவு. பிரிவுக்குத் தகுந்தாற்போல் தூரம். தூரத்தை இன்றைக்கும் மைலில்தான் சொல்வார்கள். வண்டியில் இரண்டு பேர்: ஓட்டுகிற சாரதி, கூடவே இறங்கி ஓடி மாட்டை முடுக்குகிற துணைச் சாரதி. எல்லையைத் தொட்டுத் திரும்புகிற இடத்தில் முந்துகிற வண்டிக்குக் கொடிப் பரிசு தனி. முதலில் வந்த வண்டி எந்த ஊருடையது, மாட்டுக்காரர் யார், சாரதி யார் என்பதில் ஒரு எழுத்து பிசகினாலும் மறுநாள் எனக்குப் போன் வரும். அவ்வளவு உன்னிப்பாகப் படிக்கிறார்கள்.

இந்தப் பந்தயம் அரசாங்கத்தோடு தொடர்பில்லாத விஷயமும் இல்லை. 2014 மே 7 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஜல்லிக்கட்டோடு மாட்டு வண்டிப் பந்தயத்துக்கும் தடை போட்டது. 2017 ஜனவரிப் போராட்டமும் அதன்பின் சட்டமன்றம் ஜல்லிக்கட்டுக்காகக் கொண்டுவந்த திருத்தமும் எல்லோருக்கும் தெரியும். 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம் ஆகிய மூன்று மாநிலங்களும் இது பற்றி இயற்றிய சட்டங்கள் செல்லும் என்றது. காவல் துறை, வருவாய்த் துறை, கால்நடைத் துறை என்று படியேறி அனுமதி வாங்கினால்தான் வண்டி பூட்டலாம். எங்கள் ஊர் இளைஞர்கள் அந்த மனுக்களைப் பிழையில்லாமல் எழுதுகிறார்கள், எந்த மேசையில் கோப்பு நிற்கிறது என்று தெரிந்து போய்க் கேட்கிறார்கள். அரசு அலுவலகத்தில் காரியம் சாதிக்கத் தெரியாத ஊர் இது என்று யாரும் சொல்ல முடியாது.

அஞ்சு டியூப்லைட்

திருவிழா முடிந்த பிறகு நடக்கும் ஊர்க்கூட்டத்தைத்தான் நான் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன். வெளியில் இதைச் செய்தியாக யாரும் போடுவதில்லை.

திருவிழாவுக்கு முன்பே தலைக்கட்டு வரி போட்டிருப்பார்கள். கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊர் முடிவு செய்யும். பாரியெல்லாம் கரைத்து, பந்தல் பிரித்து, மைக் செட்காரர் கிளம்பிப் போன பிறகு ஒரு சாயங்காலம் கோயில் முன்னால் ஊர் கூடும். கணக்குப் பார்க்கிறவர் நீள நோட்டை விரிப்பார். முதலில் வாசிப்பது போன வருஷப் பாக்கி. யார் தரவேண்டும், எவ்வளவு தரவேண்டும், தந்தாயிற்றா. அதை முடிக்காமல் இந்த வருஷ வரவுக்குப் போகமாட்டார். பிறகு வரவு, பிறகு செலவு, ஒவ்வொன்றாக: பந்தல், எண்ணெய், பூ, நாடகத்துக்கு அட்வான்ஸ், சமையலுக்கு விறகு.

அப்படி ஒரு கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார்.

“ஏப்பா, போன வருசம் அஞ்சு டியூப்லைட்டு உடைஞ்சு போச்சுன்னு மைக் செட்காரன் பிடிச்சான்ல, அது எந்தக் கணக்குல ஏறுச்சு?”

“அது இதர செலவுல இருக்கு மாமா.”

“இதரன்னா என்ன? பேரைச் சொல்லி வாசி.”

கணக்குப் பார்க்கிறவர் பக்கத்தைப் புரட்டித் தேடி, பேரைச் சொல்லி வாசித்தார். அதன்பிறகே அடுத்த வரி. அத்தனை பேரும் காத்திருந்தார்கள், ஒருவரும் சலித்துக்கொள்ளவில்லை. தன் கையிலிருந்து போன காசு என்ற எண்ணம் எல்லோரிடமும் இருந்தது.

ஆறு நாள்

இனி கிராம சபைக்கு வருவோம். 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிற எல்லோரும் கிராம சபையின் உறுப்பினர்கள். யாரும் சேர்த்துவிட வேண்டியதில்லை. வெகு காலம் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள் கூடியது. 2022-இல் இருந்து உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-உம், உள்ளாட்சிகள் தினமான நவம்பர் 1-உம் சேர்ந்து ஆறு நாள். சாயல்குடி மாதிரிப் பேரூராட்சிகளுக்குக் கிராம சபை கிடையாது. அங்கே வார்டு வாரியாகப் பகுதி சபை.

கூட்டம் செல்ல வேண்டுமானால் இத்தனை பேர் இருக்கவேண்டும் என்று விதி உண்டு. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர். 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். பந்தயச் சாலையில் ஒரு திருப்பத்தில் மட்டும் நிற்கிற கூட்டம் இது. ஆனாலும் பல ஊராட்சிகளில் இந்த எண்ணிக்கைக்காக நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாக்களை அழைத்து வந்து உட்கார வைக்க வேண்டியிருக்கிறது. வரவு செலவை ‘படிவம் 30’ என்ற பெயரில் எழுதி வைத்திருப்பார்கள். வேகமாக ஒருமுறை வாசிப்பார்கள். “இதரச் செலவு” என்று வந்தால் “பேரைச் சொல்லி வாசி” என்று கேட்க யாரும் எழுவதில்லை.

நான் போயிருந்த ஒரு கூட்டத்தில் தீர்மான நோட்டு கைமாறிக்கொண்டே வந்தது. தீர்மானம் எழுதவேண்டிய பக்கங்கள் வெற்றாக இருந்தன. கையெழுத்துப் பக்கம் நிரம்பிக்கொண்டிருந்தது. அப்போது ஒரு அம்மா எழுந்து பேசினார். எங்கள் பக்கத்தில் நாலைந்து குடங்களை அடுக்கித் தள்ளிக்கொண்டு போகிற தள்ளுவண்டியைப் பார்த்திருப்பீர்கள். அதைத் தெருவோரம் நிறுத்திவிட்டு வந்திருந்தார்.

“தொட்டி கட்டியாச்சு, பைப் போட்டாச்சுன்னு வாசிச்சீங்க சார். கடைசித் தெருவுக்குத் தண்ணி ஏறலையே, அதை எங்க எழுதியிருக்கு?”

பதில் வரவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைத் தீர்மானமாக எழுதச் சொல்லி அவர் நின்றுகொண்டே இருந்தார், எழுதிய பிறகே உட்கார்ந்தார். திருவிழாக் கூட்டத்தில் டியூப்லைட்டைப் பற்றிக் கேட்ட பெரியவரின் அதே கேள்விதான். கேட்டவர் ஒரு பெண் என்பது அதைவிடப் பெரிய விஷயம்.

ஏனென்றால் ஊர்க்கூட்டத்தில் அவருக்கு இடமில்லை. தலைக்கட்டு என்றாலே ஆண். முளைப்பாரிக்காகச் சட்டியில் எருவும் வைக்கோலும் போட்டுப் பயறு தூவி, வெளிச்சம் படாமல் வளர்த்து, ராத்திரி ராத்திரியாகக் கும்மி கொட்டி, தலையில் சுமந்து கண்மாயில் கரைப்பவர்கள் பெண்கள். கணக்குக் கேட்கும் இடத்தில் அவர்கள் இல்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஊர்க்கூட்டம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஒரு சமுதாயத்தின் கூட்டம். அடுத்த தெருக்காரர் அதே ஊராட்சியில் இருந்தாலும் அந்தக் கூட்டத்துக்கு வெளியில்தான். கிராம சபை மட்டுமே எல்லாத் தெருவும் சமமாக உட்கார உரிமையுள்ள கூட்டம். ஊராட்சிப் பதவிகளில் பெண்களுக்கு 2016-இல் இருந்து பாதி இடம் சட்டத்திலேயே இருக்கிறது. திருவிழாக் கூட்டத்தில் சுத்தம் இருக்கிறது, எல்லோரும் இல்லை. கிராம சபையில் எல்லோருக்கும் இடமிருக்கிறது, சுத்தம் வரவில்லை. இதைச் சேர்த்து வைக்கவேண்டும்.

தேர்தல் இல்லாத வருஷங்கள்

“தலைவரே இல்லை, யாரிடம் கேட்பது?” என்று சிலர் சொல்வார்கள். நியாயமான வருத்தம்தான். 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்து, எங்கள் மாவட்டத்தில் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில்தான் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மூன்று வருஷத்துக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. மறுபடி தனி அலுவலர்கள். தலைவர் இல்லாத காலத்தில்தான் கிராம சபைக்குக் கட்டாயம் போகவேண்டும். தலைவர் பதவி காலாவதியாகும். கிராம சபைக்குக் காலாவதி கிடையாது.

கேட்க என்ன இருக்கிறது என்பவர்களுக்குச் சில சொல்கிறேன். பதினைந்தாவது நிதிக்குழு ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும் செலவழிக்க வேண்டியது. அது எந்தத் தெருவுக்குப் போனது? 2006-இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளுக்கு நூலகமும் விளையாட்டுத் திடலும் வந்தன. உங்கள் ஊர்த் திடல் எங்கே, கருவேலத்துக்குள்ளா? 2024-இல் தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் என்று அறிவித்துக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு வழங்கினார்கள். பையன்களும் பிள்ளைகளும் அந்தப் பந்தைத் தொட்டிருக்கிறார்களா, அல்லது அது பூட்டிய அறையில் இருக்கிறதா? கபடிக் களத்துக்கு மணல், இரவு ஆட்டத்துக்கு விளக்கு, பெண் பிள்ளைகள் விளையாட ஒரு நேரம் என்று கேட்பதும் கிராம சபையின் வேலைதான்.

தேதிகளும் நமக்குச் சாதகமாக அமைந்திருக்கின்றன. மார்ச் 22-இல் கண்மாய் வற்றிக் கரையில் எங்கே உடைப்பு, மடை எங்கே பழுது என்று கண்ணுக்குத் தெரியும். மராமத்துக்குத் தீர்மானம் போட அதைவிட நல்ல நாள் இல்லை. மே 1 அன்று வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் பலர் ஊரில் இருப்பார்கள். ஆகஸ்ட் 15 முளைப்பாரிக் காலத்தை ஒட்டி வரும். அக்டோபர் 2 மழைக்கு முன், நவம்பர் 1 மழை தொடங்கியபின். ஸ்விட்சர்லாந்தில் கிளாரஸ் என்ற சிறு மாநிலத்து மக்கள் மே மாத முதல் ஞாயிறன்று திறந்தவெளிச் சதுக்கத்தில் கூடிக் கையுயர்த்தித் தங்கள் சட்டத்தையும் வரியையும் முடிவு செய்கிறார்கள். 16 வயதுப் பிள்ளைகளுக்கும் 2007-இல் இருந்து அங்கே வாக்கு உண்டு. அன்று அந்த ஊருக்குத் திருநாள் மாதிரி. நமக்கும் மே 1-ஐ அப்படி ஆக்கிக்கொள்ள முடியும். பந்தயத்துக்கு நோட்டீஸ் அடிக்கிற இளைஞர் மன்றம் கிராம சபைக்கும் ஒன்று அடிக்கட்டும். தண்டோரா வேண்டாம் என்று 2022-இல் அரசே சொல்லிவிட்டது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்ட எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியா தரவேண்டும்?

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. கடலாடி ஒன்றியத்தின் 60 ஊராட்சிகளிலும் கிராம சபையின் முதல் பொருளாகப் போன கூட்டத்துத் தீர்மானங்களை வாசிக்கவேண்டும். எது நடந்தது, எது நடக்கவில்லை, நடக்காதது ஏன் என்று பேரைச் சொல்லி வாசிக்கவேண்டும். அதைக் கேட்காமல் நோட்டில் யாரும் கையெழுத்துப் போடக்கூடாது. போன வருஷப் பாக்கியை முடிக்காமல் இந்த வருஷக் கணக்கைத் தொடக்கூடாது என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிய சட்டம் இல்லை. கோயில் வாசலில் அவர்கள் வருஷாவருஷம் நடத்திக் காட்டுவதுதான். அடுத்த கூட்டத்திலிருந்து அதை ஊராட்சி அலுவலக வாசலிலும் நடத்துங்கள். அந்தச் செய்தியையும் பந்தயச் செய்தி மாதிரி ஒரு பேரும் பிசகாமல் எழுதி அனுப்புவது என் பொறுப்பு.