விளக்கொளியும் இருண்ட பாதையும்

உழைத்துக் களைத்த குடும்பம் மாலை வேளையில் எங்கே சென்று மகிழ்வது? இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. ஜார்ஜ் என்னும் பெயருடைய மன்னர் நால்வர் இங்கிலாந்தை அடுத்தடுத்து ஆண்ட 1714 முதல் 1830 வரையிலான காலத்தில், இலண்டன் மக்கள் இதற்குக் கண்ட விடை இன்பப் பூங்காக்கள்.

அவற்றுள் புகழ்மிக்கது தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் இருந்த வாக்ஸ்ஹால். பழைய தோட்டமாயிருந்த அதனை ஜானதன் டையர்ஸ் என்பவர் சீர்படுத்தி 1732-இல் புதிதாகத் திறந்தார். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். 1750-இல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறக்கப்படும் வரை பலரும் படகேறியே அங்குச் சென்றனர். மரங்கள் அடர்ந்த நடைபாதைகள், ஓவியங்கள் அணிசெய்த உணவறைகள், நடுவே இசைமேடை. இருள் சூழ்ந்ததும் எண்ணற்ற எண்ணெய் விளக்குகள் ஏறத்தாழ ஒரே கணத்தில் ஏற்றப்படும். கோமகனும் கடைக்காரரும் ஒரே பாதையில் உலவினர். ஏழைக் கூலித் தொழிலாளிக்கோ அந்த ஒரு ஷில்லிங்கே பெருந்தொகை என்பதையும் நாம் மறத்தலாகாது.

1749-ஆம் ஆண்டு ஏப்ரல் 21 அன்று, ஹேண்டல் இயற்றிய வாணவேடிக்கை இசையின் ஒத்திகையைக் கேட்க அங்கே பன்னிரண்டாயிரம் பேர் திரண்டனர் என்று அக்கால ஏடு கூறிற்று.

இப்பூங்காவின் வரலாற்றில் நம் உள்ளத்தைத் தொடுபவர் தாமஸ் ஆர்ன். இவர் கத்தோலிக்கர். அந்நாளில் இங்கிலாந்தில் கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் அமரவோ, அரசுப் பதவி வகிக்கவோ சட்டம் இடந்தரவில்லை. திருப்பலி நிறைவேற்றும் குருவுக்கு ஆயுட்சிறையும் விதிக்கலாம். அத்தகைய நாட்டில் 1740-இல் ‘ரூல் பிரிட்டானியா’ என்னும் நாட்டுப்பற்றுப் பாடலுக்கு இசையமைத்தவர் இவரே. 1745 முதல் வாக்ஸ்ஹாலிலும் இவருடைய பாடல்கள் ஒலித்தன. சட்டம் ஒதுக்கிவைத்த மனிதரின் இசையை, அச்சட்டத்தை இயற்றிய வகுப்பாரும் கேட்டு மகிழ்ந்தனர். 1778 மார்ச்சில் ஆர்ன் மறைந்தார். கத்தோலிக்கரின் தளைகளைச் சற்றே தளர்த்திய முதற் சட்டம் சில திங்கள் கழித்து அதே ஆண்டில்தான் பிறந்தது.

செல்சீயில் 1742-இல் திறக்கப்பட்ட ரானெலா பூங்காவில் வட்டவடிவமான மாபெரும் மண்டபம் இருந்தது. எட்டு வயதுச் சிறுவன் மோட்சார்ட், பேறுகால மருத்துவமனை ஒன்றின் நிதிக்காக 1764 ஜூன் 29 அன்று அப்பூங்காவில் இசைத்தான். பெற்றோரோடும் தமக்கையோடும் ஊர் ஊராய்ச் சென்ற கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை அவன்.

எனினும் வாக்ஸ்ஹாலில் விளக்கில்லாப் பாதைகளும் இருந்தன. ஒழுக்கக்கேடு அங்கே ஒதுங்கியது. பெண்கள் தொல்லைக்கு ஆளாயினர். பூங்கா ஒன்றே, ஒளியில் பலர் கூடிப் பாடல் கேட்டனர், இருளில் சிலர் தம்மையும் பிறரையும் கெடுத்தனர்.

ரானெலா 1803-இலும், வாக்ஸ்ஹால் 1859-இலும் மூடப்பட்டன. ஆனால் அந்த இரு பாதைகளும் இன்று நம் இல்லங்களுக்குள்ளேயே இருக்கின்றன. ஒரே கூரையின்கீழ் தந்தை ஒரு மூலையிலும், மகன் மறு மூலையிலும் கைப்பேசியோடு தனித்திருக்கும் இரவுகள் எத்தனை! களைத்துத் திரும்பிய சீடர்களைச் சற்று இளைப்பாறச் சொன்ன ஆண்டவர் அவர்களை ஒன்றாகவே அழைத்துச் சென்றார். ஆகவே, அன்பர்களே, மகிழ்ச்சியைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. வாரத்தில் ஒரு மாலையேனும் பிள்ளைகளோடு ஒரே விளக்கொளியில் அமர்ந்து, பாடியும் பேசியும் மகிழ்வோம்.