ஆறாவதறிவும் முன்னுணர்வும்

ஐம்பொறிகளின் துணையின்றித் தோன்றும் முன்னுணர்வை மேனாட்டார் ஆறாம் புலன் என்பர். அவ்வழக்குத் தமிழிலும் புகுந்துவிட்டது. தமிழ் நூல்வழக்கோ வேறு. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்தவழி, ஆறாவதாகக் கொண்டது மனத்தையே. அது மக்கட்கெல்லாம் பொதுவாயது. சிலர்க்கே வாய்த்த அற்புதப் பொறியன்று.

அற்றேல், பொறிவழியானன்றி வரும் அறிவு இல்லையோவெனின், உண்டென்பதே சித்தாந்தம். சிவஞானசித்தியாரின் அளவையியல் காட்சியை வாயிற்காட்சி, மானதக்காட்சி, தன்வேதனைக்காட்சி, யோகக்காட்சி என நான்காகப் பகுக்கும். இவற்றுள் யோகக்காட்சி என்பது, யோகத்தான் மலவலி தேயப்பெற்றோன் இருந்தவிடத்திருந்தே சேய்மையிலுள்ளனவும் முக்காலத்து நிகழ்வனவும் அறிவது. கடைத்தெருவில் ஒருவன், "என் மனம் முன்பே சொல்லிற்று" என்னும் உணர்வை இதனோடு ஒப்பவைத்து எண்ணுதலாற் குழப்பம் பிறக்கின்றது. பிரிந்துறையும் தமையனை நினைத்த அன்றே அவன் கடிதம் வரின் அந்நாள் நெஞ்சில் நிலைக்கிறது. நினைத்தும் வாராத நாட்கள் மறைந்தொழிகின்றன. ஐயமும் திரிபும் அற்றதே காட்சியாமாகலின், இது காட்சியாகாது.

கதையுலகினின்றும் ஒன்று காட்டலாம். மார்கன் இராபர்ட்சன் என்னும் அமெரிக்க ஆசிரியர் 1898இல் ஒரு கதை வெளியிட்டார். அதில் டைட்டன் என்னும் பெருங்கப்பல் ஏப்பிரல் மாதத்து இரவொன்றில் வட அட்லாந்திக் கடலிற் பனிமலையில் மோதி அழிகின்றது. உயிர்காக்கும் படகுகளோ போதா. 1912 ஏப்பிரலில் டைட்டானிக் கப்பல் அவ்வாறே மூழ்கி, 1,500 பேர்க்கு மேல் மாண்டனர். இதனைத் தீர்க்கதரிசனம் என வியந்தோர் பலர். ஆயின் இராபர்ட்சன் இளமையில் வணிகக் கப்பல்களிற் பல்லாண்டு தொழில்புரிந்தவர். கப்பல்கள் நாளுக்குநாள் பெருத்து வருதலும், இளவேனிலிற் பனிமலைகள் தெற்குநோக்கி மிதந்து வருதலும், படகுத்தொகை பயணிகளின் தொகைக்கேற்ப அமையாமையும் கடற்றொழிலோர் அறிந்தனவே. அவற்றினின்று விளைவை உய்த்துணர்தல், புகைகண்டு நெருப்புண்மை துணிதல்போலக் கருதலளவையின்பாற்படும். அக்கதை 1912இல் மறுபதிப்பானபோது கப்பலின் அளவுகள் சில மிகுத்தெழுதப்பட்டன என்பதை வியப்போர் பெரும்பாலும் சொல்வதில்லை. பெயரொற்றுமை ஒன்று எஞ்சும். அது வியப்பே, வியப்பு அளவையன்று.

கனவிற் காண்பன யாங்ஙனம் எனின், நனவிற் புருவநடுவில் நின்று தொழிற்படும் கருவிகள் 35. அவற்றுள் அறிதற்பொறி ஐந்தும் செய்தற்பொறி ஐந்தும் ஒழியக் கண்டத்தில் 25 நின்று தொழிற்படுவதே கனவு. ஆதலிற் கண் மூடியவழியும் காணல் நிகழ்வதில் வியப்பொன்றுமில்லை. நாளை நிகழ்வது மெய்யாகத் தோன்றிற்றாயின், அது கருவிகளின் ஆற்றலாகாது, அவை சடம். உயிரின் தனியாற்றலுமாகாது, அஃது அறிவித்தாலன்றி அறியாது. இவ்விடத்தே ஆறாம் புலன் என்னும் கொள்கை சைவத்தோடு மாறுபடுகின்றது. அறிவிப்பவனை விடுத்து அறிவை மட்டும் கொள்ளுதலின்.

பெரியபுராணத்துப் பூசலார் வரலாறு இதற்குச் சான்று. காஞ்சியிற் கற்றளி எடுத்த காடவர்கோன், குடமுழுக்கிற்கு முன்னாளிரவு, நின்றவூரில் அன்பன் ஒருவன் எடுத்த ஆலயத்தில் நாளை யாம் புகுவோம் என இறைவன் அருளக் கனவு கண்டான். கண்டவன் அதனோடு அமைந்திலன். நின்றவூர்க்குச் சென்று, பூசலார் அமைத்த கோயில் எங்குளது என வினவினான். அப்படியொரு கோயில் இங்கில்லை என்றனர் ஊரார். வேந்தன் கனவைப் பொய்யென விடவுமில்லை, ஊரார் சொல்லை மறுத்துரைக்கவுமில்லை; அவ்வூர் மறையவரை அழைத்துப் பூசலார் யாவரெனக் கேட்டறிந்து, தானே அவர்பாற் சென்று வினவினான். நெஞ்சினுள்ளே எடுத்த கோயிலென்பதை அவர் வாயினின்றே கேட்டு, அவரடியில் வீழ்ந்து வணங்கினான்.