கழுத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி

வகுப்பில் அடிக்கடி கண்ணயர்ந்த ஒரு மாணவியைச் "சோம்பேறி" என்று கடிந்து எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன். சில மாதங்களுக்குப் பின் அவள் தாயார் கொண்டுவந்த மருத்துவச் சீட்டைக் கண்டு தலைகுனிந்தேன். குறை அவள் மனத்தில் இல்லை, கழுத்தில் இருந்தது!

குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் இருப்பது தைராய்டு சுரப்பி. எடை ஏறத்தாழ 20 கிராம்தான். அது சுரக்கும் தைராக்சின் குறைந்தால் இதயத் துடிப்பு தளரும், உடல் பருக்கும், குளிர் தாங்காது, முடி உதிரும், மாதவிலக்கு ஒழுங்கு தவறும், மறதியும் மனச்சோர்வும் வந்து சேரும். மிகுந்தாலோ படபடப்பு, மெலிவு, கை நடுக்கம். நாமோ முடிக்கு ஓர் எண்ணெய், மறதிக்கு ஒரு டானிக், மாதவிலக்குக்கு ஒரு கஷாயம் என்று தனித்தனியே வைத்தியம் தேடுகிறோம். உடலை முழுமையாக நோக்கும் மருத்துவர் இவை அனைத்துக்கும் வேர் ஒன்றா என்று பார்க்கிறார். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டு தளரும்போது டி.எஸ்.எச். என்னும் ஹார்மோனை மிகுதியாக அனுப்பி அதை முடுக்கும். இரத்தச் சோதனையில் பெரும்பாலும் இது தெரிந்துவிடும்.

முழுமை என்பது உடலோடு நிற்பதில்லை. இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் கழுத்துக் கழலை மிகுந்திருந்தது. மண்ணிலும் நீரிலும் அயோடின் குறைவு. 1956 முதல் டாக்டர் வு. ராமலிங்கசுவாமி குழுவினர் அயோடின் கலந்த உப்பை அங்கே வழங்கி ஆராய்ந்தனர். சில ஆண்டுகளில் பள்ளிப் பிள்ளைகளிடையே கழலை வெகுவாகக் குறைந்தது. ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கையிலேயே, 1962இல், கழலை ஒழிப்புத் தேசியத் திட்டம் பிறந்தது. நம் அடுக்களையின் அயோடின் உப்பு அப்படி வந்ததுதான்.

ஆயினும் உப்பு எல்லாவற்றையும் தீர்க்காது. உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கிச் சிதைக்கும் நோயை 1912இல் ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோ விவரித்தார். அயோடின் போதிய அளவு கிடைக்கும் இடங்களில் தைராய்டு குறைவுக்கு இதுவே முதன்மைக் காரணம். நல்ல உறக்கமும் உடற்பயிற்சியும் இத்தகையோருக்குத் துணை நிற்கும். ஆனால் அவற்றை நம்பித் தைராக்சின் மாத்திரையை நிறுத்துவது பேதைமை. முட்டைக்கோசைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். வேகவைத்து அளவோடு உண்ணலாம்.

மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காப்பியோ பலகாரமோ சாப்பிட வேண்டும். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகள் எடுப்போர் நான்கு மணி நேர இடைவெளி விடவேண்டும்.